மறுபடி தொழில் தொடங்குமுன் பழைய நஷ்டத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது? (காரைக்குடி பக்கம்)

ரஸ்தாக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தேவகோட்டை ரஸ்தா பக்கம். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து முதலில் பலகார வியாபாரம் தொடங்கினேன். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை எல்லாம் ஆள் வைத்துச் சுட்டு கூரியரில் அனுப்புவது. அது நின்றுபோனது. அப்புறம் ஒரு நண்பனோடு சேர்ந்து கல்லூரிப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்தினேன். அதுவும் நின்றது. கடைசியாக ஆத்தங்குடிக் கல் (கையால் செய்கிற தரைக்கல்) வாங்கி வெளியூர்க் கட்டடக்காரர்களுக்கு அனுப்பினேன். போன ஆனியில் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாவியை இடத்துக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது அத்தான் முதல் போடத் தயாராக இருக்கிறார். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றின் முன்கட்டு வாடகைக்கு வருகிறது. சுற்றுலா வருகிறவர்களுக்குக் கொட்டான் (ஓலைக் கூடை), கண்டாங்கிச் சேலை, பலகாரம் எல்லாம் வைத்து ஒரு கடை. "தை பிறந்ததும் பால் காய்ச்சிவிடலாம்" என்கிறார். அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை.

தொடங்கலாமா வேண்டாமா என்று கேட்க வரவில்லை. யாராவது "ஏன் நின்றது" என்று கேட்டால் என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. பலகாரம் கூரியர்காரர்களால் போனது, மெஸ் கூட்டாளியால் போனது, கல் வியாபாரம் பணம் தராத கட்டடக்காரர்களால் போனது. மூன்றிலும் காரணம் வெளியே இருக்கிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. அடுத்த கடையும் நின்றால் அதற்கும் வெளியே ஒரு காரணம் கிடைத்துவிடும். அதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல் அரிசி:

தம்பி, வியாபாரத்தில் விழுவதும் எழுவதும் சகஜம். எங்கள் புதுவயலில் எத்தனையோ ஆலைகள் கை மாறியிருக்கின்றன. நின்று யோசித்துக்கொண்டே இருந்தால் கை தளர்ந்துவிடும். அத்தான் நம்பி முதல் தருகிறார் என்றால் அது சாதாரண விஷயமா? பிடித்துக்கொள்ளுங்கள்.

பேரேடு:

புதுவயல் அண்ணன் சொல்வது தைரியத்துக்குச் சரி. ஆனால் தம்பி கேட்டது வேறு.

நான் காரைக்குடியில் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். கடையை மூடியவர்கள் பெரும்பாலும் கணக்கை மூடுவதில்லை. ஷட்டர் இறங்கியதும் பில் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். மனது அந்தப் பக்கம் போக மறுக்கிறது, புரிகிறது. ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாக ஓர் ஐந்தொகை, அதாவது வரவு, செலவு, பாக்கி எல்லாம் தொகுத்த கணக்கு, போடுங்கள். ஞாபகத்தில் இருந்து எழுதாதீர்கள், பேங்க் ஸ்டேட்மெண்ட்டை வைத்து எழுதுங்கள். போட்ட முதல் எவ்வளவு, அதில் சொந்தப் பணம் எது, கைமாற்று எது, நகைக்கடன் எது. விற்றது எவ்வளவு, அதில் கைக்கு வந்தது எவ்வளவு. இன்றைக்கும் யார் உங்களுக்குத் தர வேண்டும், நீங்கள் யாருக்குத் தர வேண்டும். வீட்டுச் செலவுக்கு எடுத்தது எவ்வளவு. கடைசி இனத்தைத் தனி வரியாக எழுதுங்கள், எல்லோரும் விடுவது அதைத்தான்.

கூடவே இரண்டு தேதிகள் வேண்டும். "இது ஓடாது" என்று உங்களுக்கு முதன்முதலில் உள்ளுக்குள் பட்ட தேதி ஒன்று. உண்மையில் நிறுத்திய தேதி இன்னொன்று. முதல் தேதியைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: சரக்குக் கொடுத்தவருக்குச் சொன்ன நாளில் பணம் கொடுக்காமல் முதன்முதலாகத் தள்ளிப்போட்ட மாதம் எது என்று பாருங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு உள்ளே போன பணத்தைத் தனியாகக் கூட்டுங்கள். தொழிலில் போன நஷ்டம் வேறு, நிறுத்த மனம் வராமல் போன நஷ்டம் வேறு. நான் பார்த்த பல கணக்குகளில் இரண்டாவதுதான் பெரிசு.

கோலாலம்பூர் பேரன்:

பேரேடு ஐயா ஐந்தொகை என்றதும் எங்கள் ஐயா நினைவு வந்துவிட்டது. அவர் மலாயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர். எடுபிடியான பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, மேலாளுக்கு உதவியாக இருக்கிற அடுத்தாளாகி, பிறகு முழுப் பொறுப்புள்ள மேலாளாக ஒரு வட்டிக் கடையைப் பார்த்தவர்.

அந்த ஏற்பாட்டை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. கிட்டங்கியில் (பல கடைகள் சேர்ந்து இயங்கிய கட்டடம்) ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். அவ்வளவுதான் அலுவலகம். மேலாளுக்குத் தவணை மூன்று வருஷம். ஊரிலுள்ள முதலாளிக்குத் தவறாமல் கணக்கு வர வேண்டும். தவணை முடிந்ததும் அடுத்து வருகிறவரிடம் பேரேட்டை ஒப்படைத்துவிட்டு, வராத கடன் எது, வரக்கூடிய கடன் எது என்று பெயர் பெயராகச் சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிட வேண்டும். ஊரில் சில காலம் இருந்து முதலாளியோடு கணக்குத் தீர்த்த பிறகுதான் அடுத்த பயணம். லாபம் வந்திருந்தாலும் நஷ்டம் வந்திருந்தாலும் இதே நடைமுறைதான்.

நம் வழக்கத்தில் இரண்டு முயற்சிகளுக்கு நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் செய்ய ஒரு வேலையும் இருந்தது. இன்றைக்குத் தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கு அந்த முதலாளி இல்லை, கணக்குக் கேட்க ஆள் இல்லை. நீங்கள் அத்தானையே அப்படி உட்கார வைக்கலாம். புதுக் கடைக்கு முதல் கேட்குமுன் பழைய கடைகளின் கணக்கை அவரிடம் ஒப்புவியுங்கள்.

திரைக்கொட்டகை:

நம் ஊர்க்காரர் ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். காரைக்குடி ஏ.வி. மெய்யப்ப செட்டியார். 1935இல் அவர் எடுத்த முதல் இரண்டு படங்களும், அல்லி அர்ஜுனாவும் ரத்னாவளியும், ஓடவில்லை. அத்தோடு விட்டிருந்தால் காரைக்குடியில் கடை வைத்திருந்தவர் என்பதோடு முடிந்திருக்கும்.

அவர் படத்துக்கு வந்ததே கிராமபோன் ரிக்கார்டு வியாபாரத்திலிருந்து. எந்தப் பாட்டுக்கு ஜனங்கள் காசு கொடுப்பார்கள் என்று கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவர். அடுத்து 1938இல் வந்த நந்தகுமாரில், நடிக்கிறவரே பாட வேண்டும் என்ற வழக்கத்தை விட்டு, பின்னணியில் வேறொருவரைப் பாட வைத்தார். பிறகு கன்னட ஹரிச்சந்திராவைத் தமிழ் பேச வைத்து வெளியிட்டார். எல்லாம் ஒலி சம்பந்தப்பட்ட முயற்சிகள். தனக்குத் தெரிந்த இடத்தில் காலை ஊன்றிக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யுத்தக் காலத்துக்குப் பிறகு, 1947இல் வந்த நாம் இருவர், நம் தேவகோட்டை ரஸ்தாவில் போட்ட ஸ்டூடியோவில் எடுத்த படம். நீங்களும் அதே ஊர்!

தம்பி, மூன்று தொழிலிலும் உங்களுக்கு நன்றாக வந்த வேலை எது என்றும் எழுதுங்கள். நஷ்டக் கணக்கில் அது விட்டுப்போகும்.

செம்மண்:

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு படம் ஓடாமல் மூன்றாவது எடுத்தவரைச் சொல்கிறோம். இரண்டு படத்தோடு வீட்டை விற்றுவிட்டுப் போனவர் பெயர் நமக்குத் தெரியாது. விழுந்து எழுந்தவர்களை மட்டும் வைத்துப் பாடம் படித்தால் "விடாமல் முயன்றால் போதும்" என்ற முடிவுதான் வரும். செட்டிநாட்டிலேயே பூட்டிக் கிடக்கிற வீடுகள் எத்தனை? அவற்றில் பல, திரும்ப வராத முதலின் கதை.

பர்மாவையே எடுத்துக்கொள்வோம். கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938வாக்கில் அது 25 சதவீதம். வளர்ச்சி மாதிரித் தெரியும். ஆனால் நிலம் வாங்கப் போனவர்கள் இல்லை அவர்கள், வட்டிக்குக் கொடுக்கப் போனவர்கள். நெல் விலை சரிந்தது, விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை, ஈடாக இருந்த நிலம் கைக்கு வந்தது. வட்டிக்குச் சுழல வேண்டிய பணம் வயலில் போய் முடங்கியது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது பலர் உயிர் பிழைக்க நடந்தே வந்தார்கள். 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. நிலத்தை இழந்த பர்மா விவசாயியின் துயரமும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்பதை மறக்கக் கூடாது.

1930களிலேயே முதலின் ஒரு பகுதியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. பள்ளத்தூர் ஏ.எம்.எம். குடும்பம் (முருகப்பா குழுமத்தார்) அப்படி வந்து, உப்புத்தாள், இரும்பு மேசை நாற்காலி என்று புதிதாகத் தொடங்கி, 1949இல் சைக்கிள் கம்பெனிக்கு வந்தது. அவர்களால் முடிந்ததற்குக் காரணம், மொத்தமும் போகுமுன் ஒரு பகுதியை வெளியே எடுத்ததுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொண்டுவிற்கப் போனவருக்குப் பின்னால் ஒரு சமூகமே முதலோடு நின்றது. ஆத்தங்குடியில் கல் அச்சுப் போடுகிறவருக்கும், தறியில் உட்கார்ந்து கண்டாங்கி நெய்கிறவருக்கும், என் மாதிரி ஆட்களுக்கும் அப்படி யாரும் இல்லை. ஒரு தொழில் போனால் வீட்டுப் பத்திரம் போகும், அதோடு முடிந்தது. ஆகவே எவ்வளவு போனால் நிறுத்துவது என்று தொடங்குமுன்னே எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். வீடும் வீட்டுப் பெண்களின் நகையும் அந்தத் தொகைக்கு வெளியே இருக்கட்டும்.

பலகாரக்கடை ஆச்சி:

செம்மண் தம்பி சொன்ன கடைசி வரியை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நகையில் கை வைத்துத் தொடங்கிய தொழிலில் மனது தெளிவாக இருக்காது. எந்த ஆர்டர் வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல வராது.

ரஸ்தாக்காரத் தம்பி, பலகாரம் கூரியரால் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். சீப்புச் சீடையை எப்படிக் கட்டி அனுப்பினீர்கள்? பிளாஸ்டிக் கவரிலா? சீப்புச் சீடை உள்ளே குழலாக இருக்கும், மேலே ஒரு பெட்டி விழுந்தால் தூள். நான் அதைத் தகர டின்னில், சுற்றிலும் காகிதம் திணித்துத்தான் அனுப்புவேன், டின்னுக்குத் தனியாகக் காசு வாங்கிக்கொள்வேன். மணகோலத்துக்கு அந்தக் கவலை இல்லை, உடைந்தாலும் மணகோலம்தான். அதிரசம் மழை நாளில் தூரத்துக்கு அனுப்பவே மாட்டேன். எது பயணம் தாங்கும், எது தாங்காது என்பது கூரியர்காரருக்குத் தெரியாது, சுடுகிறவளுக்குத்தான் தெரியும்.

விலை எப்படிப் போட்டீர்கள்? தேன்குழலுக்கு அரிசி, உளுந்து, வெண்ணெய், எண்ணெய் என்று எழுதி, சுடுகிறவர் கூலியும் போட்டிருப்பீர்கள். சட்டியில் மிஞ்சுகிற எண்ணெயை மறுநாள் புது எண்ணெயோடு கலக்காமல் தள்ளினீர்கள் என்றால் அதுவும் செலவு. ஒவ்வொரு ஈட்டிலும் உடைசல் விழும், அதைக் கிலோவில் கழிக்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணச் சீர்ப் பலகாரம் இருக்காது, ஆனால் அடுப்படி ஆட்களுக்குச் சம்பளம் உண்டு. அந்த மாதத்துச் செலவை மற்ற மாதத்துக் கிலோக்களில் ஏற்றினால்தான் விலை சரியாக வரும். நான் சீர்ப் பலகாரத்துக்குப் பாதிப் பணம் முன்னால் வாங்காமல் அரிசி ஊறப் போட மாட்டேன். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

அப்புறம், வீட்டுச் செலவுக்கு எடுத்ததைத் தனி வரியாக எழுதச் சொன்னாரே பேரேடு, அதற்கு நம் வீடுகளில் ஏற்கனவே ஒரு வழி இருக்கிறது. கல்யாணமான பிள்ளையையும் மருமகளையும் வேறு வைப்போம். வீடு அதே வீடுதான். வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று கொடுத்துவிட்டால் அதற்குள் அவர்கள் புழங்க வேண்டும். கடையையும் அப்படி வீட்டிலிருந்து வேறு வைத்துவிடுங்கள் தம்பி. மாதம் இவ்வளவுதான் வீட்டுக்கு என்று முதல் தேதியே எடுத்துக்கொடுங்கள், மற்ற நாளில் கல்லாவைத் தொடாதீர்கள்.

ரஸ்தாக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பதில் போடத் தாமதமானதற்குக் காரணம், பேரேடு ஐயா சொன்னபடி பெட்டியை இறக்கி எழுதிக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்ததும் முதலில் கண்ணில் பட்டது வராத பாக்கி. பலகாரத்தில் சென்னைக் கடைகள் இரண்டும் சில உறவினர்களும். மெஸ்ஸில் மாதக் கடைசியில் தருகிறேன் என்று சாப்பிட்டுவிட்டுப் படிப்பு முடிந்து போன பிள்ளைகள். கல்லில் இரண்டே இரண்டு கட்டடக்காரர்கள், ஆனால் தொகை பெரிது, 2 லட்சத்து 80 ஆயிரம். மூன்று தொழிலிலும் சரக்கு முன்னால் போகிறது, பணம் பின்னால் வருகிறது, அல்லது வருவதே இல்லை. பணம் கேட்க எனக்கு வாய் வருவதில்லை என்பது எனக்கே தெரியும். அது தொழிலை மூடும் அளவுக்குப் போயிருப்பது தாளில் பார்க்கும்வரை தெரியவில்லை.

இரண்டு தேதிகள் விஷயத்தில் பேரேடு ஐயா சொன்னது அப்படியே பலித்தது. மெஸ்ஸில் மளிகைக்கடைக்குப் பாக்கி சொன்னது பங்குனியில். மூடியது கார்த்திகையில். நடுவில் போன பணம்தான் மொத்த நஷ்டத்தில் பாதிக்கு மேல்.

திரைக்கொட்டகை கேட்டதற்கும் பதில் தேடினேன். மூன்றிலும் வாங்குகிறவர்களைத் தேடிப் பிடிப்பதில் எனக்குக் கஷ்டமே இருந்ததில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆத்தங்குடிக் கல்லுக்குக் கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது.

ஆகவே அடுத்த கடையில் கடனே இல்லை, சுற்றுலா வருகிறவர்கள் கையோடு பணம் கொடுத்து வாங்கிப் போவார்கள் என்பதால் இந்தப் பிரச்சினையே வராது என்று நினைக்கிறேன். சரிதானே?

ஆத்தங்குடிப் பட்டறை:

தம்பி, அவசரப்படாதீர்கள். இத்தனை நாள் படித்துக்கொண்டிருந்தேன், இப்போது எழுதத் தோன்றுகிறது.

அந்தக் கட்டடக்காரர்கள் ஏன் பணம் தரவில்லை? நீங்கள் கேட்டீர்களா? பாக்கி என்பது தாளில் ஓர் எண். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். ஏமாற்றுகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் தொழிலில் பணம் நிற்பதற்குப் பாதி நேரம் காரணம் கல்லில்தான் இருக்கும்.

எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். கண்ணாடியை அடியில் வைத்து, அதன்மேல் சட்டம், அதற்குள் டிசைன் அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்க வேண்டும். மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, அப்புறம் சாந்து போட்டு மட்டம் செய்வோம். ஒருநாள் விட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, சில நாள் ஊறிய பிறகு எடுத்து உலர்த்தினால் கண்ணாடி தானாக விட்டு வரும். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. எல்லாம் கையால். வண்ணம் கலக்கிற கை மாறினால் சிவப்பு ஒரு பொட்டு மாறும். இந்த வாரத்துக் கல்லும் அடுத்த மாதத்துக் கல்லும் பக்கத்தில் வைத்தால் தெரியும். தொட்டியில் ஊறும் நாளைக் குறைத்தால் பதித்த பிறகு வெள்ளை பூக்கும், விரியும்.

கேட்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள். ஒரே ஆர்டருக்கு இரண்டு பட்டறையில் வாங்கி அனுப்பினீர்களா? தேதி நெருக்கினீர்களா? பதிக்கிற கொத்தனாருக்கு முதல் நாள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று சொன்னீர்களா? ஆசிட் ஊற்றிக் கழுவினால் பளபளப்பு அத்தோடு போச்சு.

கையில் பணம் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று போனீர்கள் என்றால், அடுத்த கடையில் பணம் வரும், வாங்கியவர் மறுபடி வர மாட்டார். அது பாக்கி வரியில் தெரியாது.

புதுவயல் அரிசி:

பட்டறைக்காரர் சொன்னதும் எனக்கு நெல் ஞாபகம் வந்தது. ஈரப்பதம் பார்க்காமல் வாங்கிவிட்டு அரிசி நொய்யானால் ஆலையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தம்பி, முதலில் "பிடித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தேன். இப்போது, அந்த இரண்டு பேருக்கும் போன் போட்ட பிறகு முடிவு செய்யுங்கள் என்று சொல்வேன்.

பேரேடு:

பட்டறை அண்ணன் எழுதியது என் பதிலில் இருந்த ஓட்டையை அடைத்துவிட்டது. கணக்கு எங்கே ஒழுகியது என்று காட்டும். ஏன் ஒழுகியது என்பதை வாங்கியவரிடம்தான் கேட்க வேண்டும். போன் செய்யும்போது பாக்கியைக் கேட்காதீர்கள், அதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். "கல்லில் என்ன குறை இருந்தது" என்று மட்டும் கேளுங்கள்.

பாக்கி பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் குழம்புகிறார்கள். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் கூட்டு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். உற்பத்தி செய்கிறவருக்கும் சேவை தருகிறவருக்கும்தான் அந்தப் பாதுகாப்பு. வாங்கி விற்கிறவருக்கு உத்யம் கொடுத்திருப்பது வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டும். பட்டறை அண்ணன் அந்த வழியில் போகலாம், நீங்கள் போக முடியாது. உங்களுக்கு முன்பணம்தான் பாதுகாப்பு.

மெஸ் கூட்டுக்குப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருந்தீர்களா? பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் வெளி ஆள் மேல் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது என்று 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு சொல்கிறது. அத்தானோடு சேருவதானால் உறவு வேறு, பத்திரம் வேறு.

வங்கிக் கடன் ஏதாவது இருந்தால் "செட்டில்மெண்ட்" என்று குறைத்துக் கட்டி முடிக்குமுன் யோசியுங்கள். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது "செட்டில்டு" என்று நிற்கும். முழுதும் கட்டி முடித்த கணக்கும் அதுவும் அடுத்து கடன் கேட்கும்போது ஒன்றல்ல.

ரஸ்தாக்காரன்:

போன் செய்தேன். ஒருவர் எடுக்கவே இல்லை. இன்னொருவர், கோயம்புத்தூர்க்காரர், நிறைய நேரம் பேசினார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

பட்டறை அண்ணன் சொன்னது அச்சாக நடந்திருக்கிறது. கூடத்துக்குப் போன கல் ஒரு பட்டறை, தாழ்வாரத்துக்குப் போனது வேறு பட்டறை. இரண்டு சிவப்பும் சேரவில்லை என்று வீட்டுக்காரர் கட்டடக்காரரின் பணத்தைப் பிடித்துக்கொண்டார், அவர் என் பணத்தைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் தாழ்வாரத்துக்கு வேறு டிசைனே போட்டிருப்பேன், நானே வீட்டுக்காரரிடம் பேசியிருப்பேன்" என்றார். பாக்கியில் ஒரு பகுதியைத் தருவதாக அவராகவே சொன்னார்.

அப்புறம் பலகாரம் வாங்கிய சென்னைக் கடைக்காரர்களில் ஒருவரிடமும் பேசினேன். சீப்புச் சீடை தூளாக வந்தது, திருப்பி அனுப்பச் சங்கடப்பட்டுச் சும்மா இருந்துவிட்டோம், பணமும் அப்படியே நின்றுவிட்டது என்றார். ஆச்சி, பிளாஸ்டிக் கவர்தான்.

வாங்குகிறவரைப் பிடிக்கத் தெரிந்த அளவுக்கு, விற்கிற பொருள் எப்படி உண்டாகிறது என்று எனக்குத் தெரியாது. மெஸ்ஸில்கூட அடுப்படிப் பக்கம் நான் போனதில்லை. கானாடுகாத்தான் கடையில் கொட்டான், கண்டாங்கி, பலகாரம் என்று இன்னும் பல பொருள்கள். எனக்குத் தெரியாதவற்றின் எண்ணிக்கைதான் கூடுகிறது.

ஆத்தங்குடிப் பட்டறை:

தை வரைக்கும் சும்மாதானே இருக்கப் போகிறீர்கள்? பட்டறைக்கு வாருங்கள். கல் போடச் சொல்லிக்கொடுக்கிறேன், உங்கள் கைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, கண்ணுக்கு வந்துவிடும். எனக்கும் வெளியூர் ஆர்டர் பேச ஆள் இல்லை, போன் எடுக்கவே நேரம் இல்லை. மாதச் சம்பளம் பேசிக்கொள்வோம். ஒரு தவணை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கோலாலம்பூர் பேரன்:

எங்கள் ஐயா காலத்தில் மேலாளாக வேண்டியவர் முதலில் பெட்டியடியில் உட்கார்ந்துதான் கற்றுக்கொள்வார். முதலாளி மகன்களும் வேறொருவர் கடையில் போய்ப் பயின்றது உண்டு. இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை தம்பி, போங்கள்.

செம்மண்:

நல்ல ஏற்பாடு. சம்பளம் என்று பட்டறைக்காரர் முதலிலேயே சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது.

கானாடுகாத்தான் கடை பற்றி ஒரே ஒரு விஷயம். வெளிநாட்டுக்காரர்கள் வருவது பெரும்பாலும் குளிர் மாதங்களில். தையில் பால் காய்ச்சினால் கடை நிலைப்பதற்குள் சீசன் முடிந்துவிடும், சித்திரை வெயிலில் வாடகை மட்டும் ஓடும். எப்போது தொடங்கினாலும் ஐப்பசிக்கு முன்னால் எல்லாம் தயாராக இருக்கிற மாதிரிப் பாருங்கள்.

ரஸ்தாக்காரன்:

பட்டறைக்கு வருகிறேன் அண்ணே. அடுத்த வாரம் ஆத்தங்குடி வந்து நேரில் பேசுகிறேன். தையில் கடை இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். அத்தானிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசனை. போனில் சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன்.

பலகாரக்கடை ஆச்சி:

போனில் வேண்டாம். நேரில் போங்கள், எழுதிய கணக்குத் தாள்களைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். முதல் தருகிறவருக்கு அதைவிட மரியாதை வேறு இல்லை. அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், போகிற பணம் அவருடையதும்தான். ஒருநாள் காலையில் நம் அடுப்படிக்கும் வாருங்கள், டின் கட்டுவதைக் காட்டுகிறேன்.

பேரேடு:

தம்பி, கிளம்புமுன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஷட்டரை இறக்கியதாக எழுதினீர்கள், ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்ததாக எங்கும் எழுதவில்லை. விற்பனையே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும், போடாவிட்டால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். நிலுவை ரிட்டர்ன்களைப் போட்டுவிட்டு ரத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும். ரத்தானதும் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்ன் உண்டு. கையிருப்புக் கல் ஏதாவது மிச்சம் இருந்தால் அதை வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுத்த கழிவும் அதில் கணக்காகும், எண்ணி எழுதி வையுங்கள். வாங்கிய பில்கள், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள். 20ஆம் தேதிக்கு அப்புறம் வந்தால் நல்லது, அதுவரை மற்றவர்களின் ரிட்டர்ன் வேலையில் எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.